ஷ்ரூஸ்பரியை மூன்று நாளில் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குச் சற்று முன்னால், செவர்ன் ஆறு ஒரு குன்றை ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அந்தக் குன்றின்மேல் இருக்கும் ஊர்தான் ஷ்ரூஸ்பரி. நான் வுல்வர்ஹாம்ப்டனில் குடியிருக்கிறேன். பழைய பாலங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. கோவில்பட்டியிலிருந்து உறவினர்கள் வந்தால், லண்டனைப் பார்த்து முடித்த கையோடு அவர்களை இங்கேதான் அழைத்துப் போவேன்.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமான பழைய வீடுகளைத்தான் முதலில் சொல்வார்கள். அவை அழகானவை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றை மட்டும் படம்பிடித்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. உலகம் இன்று இரும்புச் சட்டத்தின்மேல் மாடி மேல் மாடியாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கலை பிறந்த இடங்கள் இந்த ஊரிலும், இதற்கு 20 கிலோமீட்டர் சுற்றுவட்டத்திலும் இருக்கின்றன. மூன்று நாள் ஒதுக்குங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை வருவது நல்லது. ஊரில் பெரிய விழா ஏதேனும் நடக்கும்போது அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறியிருக்கும். குளிர்காலத்தில் செவர்ன் கரை மீறுவது வழக்கம். ஆற்றோரப் பாதைகளும் ஃபிராங்க்வெல் பக்கத்து வாகன நிறுத்தமும் தண்ணீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் வருவதானால் புறப்படும் முன் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள்.

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். லண்டன் யூஸ்டனிலிருந்து என்றால் பர்மிங்ஹாமிலோ க்ரூவிலோ மாறி வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். பெரியவர்கள் மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போனால், நெரிசல் நேரம் தவிர்த்துப் பல தடங்களில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். டிக்கெட் எடுக்கும்போதே குழுச் சலுகை உண்டா என்று கேளுங்கள். அறையை ஆற்று வளைவுக்குள் எடுத்தால் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். பழைய விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள்.

ரயிலை விட்டு இறங்கியதும் அவசரமாக வெளியே ஓட வேண்டாம். இந்த நிலையத்தின் நடைமேடைகள் ஆற்றின் மேலேயே நீண்டு கிடக்கின்றன. தென்கோடியில் நின்று பார்த்தால் உயரமான செங்கல் சிக்னல் கேபின் ஒன்று தெரியும். அதில் 180 நெம்புகோல்கள் இருக்கின்றன. கையால் இழுத்து இயக்கும் கேபின்களில் இன்றும் வேலை செய்கிறவற்றில் உலகிலேயே பெரியது இதுதான்.

முதல் நாள் ஊருக்குள். நிலையத்திலிருந்து மேடேறினால் இடப்பக்கம் சிவப்புக் கல் கோட்டை. அதன் எதிரில், பழைய ஷ்ரூஸ்பரி பள்ளிக் கட்டடத்தின் முன்னால் சார்லஸ் டார்வின் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். 1809-இல் இந்த ஊரில் பிறந்து, இந்தப் பள்ளியில் படித்தவர் அவர். கட்டடம் இப்போது நூலகம். சிலையைவிட எனக்குப் பிடித்த டார்வின் அடையாளம் ஊரின் இன்னொரு பக்கம், பெல்ஸ்டோன் தெருவில், மாரிஸ் மண்டபத்தின் முற்றத்தில் கிடக்கிறது. அது ஒரு பாறாங்கல். காட்டன் என்ற முதியவர் அதை இளம் டார்வினுக்குக் காட்டி, ‘இந்த வகைக் கல் கம்பர்லாந்திலோ ஸ்காட்லாந்திலோதான் உண்டு, இது இங்கே எப்படி வந்தது என்று உலகம் முடியும்வரை எவராலும் சொல்ல முடியாது’ என்றாராம். பனியாறுகள் இழுத்துவந்து போட்ட கல் அது என்பது பின்னால் விளங்கியது. மிதக்கும் பனிப்பாறைகள் கற்களைச் சுமந்துபோகும் என்பதை முதலில் படித்தபோது தமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை டார்வின் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். குழந்தைகளோடு வருகிறவர்கள் சிலையைத் தவறவிட்டாலும் இந்தக் கல்லைத் தவறவிடக் கூடாது.

கோட்டையைத் தாண்டி செயின்ட் மேரி தேவாலயத்துக்குள் நுழையுங்கள். கிழக்குச் சாளரத்தில் இருக்கும் 14-ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடி, இயேசுவின் வம்சத்தை ஒரு கொடியாகப் படரவிட்டுக் காட்டுகிறது. காலை வெயில் நேராக விழும் நேரத்தில் போனால்தான் அதன் முழு நிறமும் தெரியும். இந்தக் கண்ணாடி இங்கே வந்த கதையை ஒரு பொறியாளராக நான் எல்லோருக்கும் சொல்வேன். 1788-இல் ஊரின் பழைய செயின்ட் சாட் தேவாலயத்தில் கூரை ஒழுகியது. இளம் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டை அழைத்துக் காட்டினார்கள். கூரை பிறகு இருக்கட்டும், கோபுரத்தைத் தாங்கும் தூண்களே ஆட்டம் கண்டுவிட்டன, முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள் என்றார் அவர். கேட்டவர்கள் பொருட்படுத்தவில்லை. சில நாட்களில், விடியற்காலையில், கோபுரம் சரிந்து தேவாலயமே இடிந்தது. அங்கிருந்து காப்பாற்றப்பட்ட கண்ணாடிதான் செயின்ட் மேரியில் இருக்கிறது. பழைய தேவாலயத்தில் எஞ்சிய ஒரு சிறு பகுதியை இன்றும் பார்க்கலாம். புதிய செயின்ட் சாட் 1792-இல் குவாரி பூங்காவின் மேட்டில் வட்ட வடிவில் எழுந்தது. அதன் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள்.

செயின்ட் மேரியிலிருந்து இறங்கினால் மரச்சட்டக வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி வந்துவிடும். புட்சர் ரோ, ஃபிஷ் ஸ்ட்ரீட், பேர் ஸ்டெப்ஸ், குரோப் லேன் என்று தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்று போகும். இந்த ஊரில் சட்டப் பாதுகாப்புள்ள கட்டடங்கள் 600-க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் நல்லவை இந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடும். வரைபடத்தைப் பையில் வைத்துவிட்டு, ‘ஷட்’ என்று ஊரார் சொல்லும் சந்துகளில் நுழைந்து வெளியேறுங்கள். மேல்மாடிகள் எதிரெதிரே சாய்ந்து வானத்தை ஒரு கீற்றாக்கிவிடும் இடத்தில் நின்று, சட்டங்கள் கூடும் மூலைகளைப் பாருங்கள். ஆணி குறைவு. ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி (அதுதான் கழுந்து), மற்றதன் துளையில் நுழைத்து மரமுளை அடித்திருப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் தேவைப்படும்.

சதுக்கத்தில் 1596-இல் கட்டிய பழைய சந்தை மண்டபம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ராபர்ட் கிளைவின் வெண்கலச் சிலை, 1860-இல் வைத்தது. கிளைவ் இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர். 1762-இல் மேயராகவும் இருந்தவர். ஆற்காட்டுக் கோட்டையை 1751-இல் பிடித்து முற்றுகையைத் தாங்கியவரும், 1753-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைத் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டவரும் இதே ஆள்தான். 2020-இல் இந்தச் சிலையை அகற்றக் கோரி ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். சிலையை வைத்துக்கொள்வது என்று கவுன்சில் வாக்கெடுத்து முடிவு செய்தது. அகற்றியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரு மனிதனைப் பீடத்தில் ஏற்றுவது மரியாதை. நம் மண்ணிலும் வங்காளத்திலும் அவர் செய்தவை மரியாதைக்குரியவை அல்ல. எப்படியிருந்தாலும் பார்த்துவிட்டுப் போங்கள். மூன்றாம் நாள் போகும் இடம் இந்தக் குடும்பத்தோடு தொடர்புள்ளது.

மதிய உணவுக்கு 1960-களில் கட்டிய மணிக்கூண்டுச் சந்தை மண்டபத்தைச் சொல்வேன். மாடியில் சிறு உணவுக் கடைகள் இருக்கின்றன, சைவமும் கிடைக்கும். ஞாயிறும் திங்களும் பெரும்பாலும் மூடியே இருக்கும் என்பதால் வேறு நாளில் வருமாறு திட்டமிடுங்கள். மாலையில் கால் ஓய்ந்திருந்தால் வெல்ஷ் பாலத்தருகே புறப்படும் ‘சப்ரினா’ படகில் ஏறிக்கொள்ளலாம். முக்கால் மணி நேரத்தில் ஆற்று வளைவைக் காட்டிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு நடையைவிட இது நல்லது. குளிர்காலத்தில் ஓடாது.

நடக்கத் தெம்புள்ளவர்கள் செங்குத்தான வைல் காப் தெருவில் இறங்கி, இங்கிலிஷ் பாலத்தைக் கடந்து மடாலயத் தேவாலயத்துக்குப் போகலாம். 1083-இல் தொடங்கிய மடாலயம் அது. டெல்ஃபோர்டின் நெடுஞ்சாலை 1836-இல் அதன் வளாகத்தை ஊடறுத்துச் சென்றது. துறவிகளின் உணவுக்கூடத்துப் பிரசங்க மேடை மட்டும் சாலைக்கு மறுபுறம் தனித்து நிற்கிறது. தேவாலயத்துக்குள் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பட்டியலில் கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் பெயரும் இருக்கிறது. அவருடைய பெற்றோர் அப்போது இந்த ஊரில்தான் இருந்தார்கள். 1918 நவம்பர் 11 அன்று, போர் முடிந்ததென்று ஊர் மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது, மகன் இறந்த செய்தியைச் சுமந்த தந்தி அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

இரண்டாம் நாள் முழுவதும் இரும்புக்கு. காலையில் அயர்ன்பிரிட்ஜ் பள்ளத்தாக்கு, மாலையில் ஆளிச் செடியின் நாரை நூற்ற பழைய ஆலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பஸ் உண்டு, ஆனால் குறைவு; ஞாயிற்றுக்கிழமையை நம்ப முடியாது. நான்கு பேர் இருந்தால் அன்றைக்கு மட்டும் ஒரு கார் வாடகைக்கு எடுப்பது சிக்கனம். போகும் வழியில் ராக்ஸெட்டர் வரும். ரோமானிய பிரிட்டனின் நான்காவது பெரிய நகரம் இருந்த இடம் அது. குளியல் மண்டபத்தின் சுவர் ஒன்று இன்னும் ஏழு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அரை மணி நேரம் போதும்.

அயர்ன்பிரிட்ஜில் இரும்புப் பாலத்தைப் பார்க்கும் முன்பே பக்கத்தில் உள்ள கோல்புருக்டேல் போய், கூரையிட்டுக் காத்துவைத்திருக்கும் பழைய ஊதுலையைப் பாருங்கள். முதலாம் ஆபிரகாம் டார்பி 1709-இல் இங்கேதான் மரக்கரிக்குப் பதிலாக நிலக்கரியிலிருந்து எடுத்த கோக்கைக் கொண்டு இரும்பை உருக்கினார். மரக்கரிக்குக் காடு வேண்டும். காடு வளரும் வேகத்துக்கு மேல் இரும்பு கிடைக்காது. கோக் வந்ததும் அந்தத் தளை அறுந்தது. வார்ப்பிரும்பு மலிந்தது. அவருடைய பேரன் மூன்றாம் ஆபிரகாம் டார்பி, 378 டன் இரும்பை வார்த்து செவர்னுக்குக் குறுக்கே பாலம் போட்டார். ஷ்ரூஸ்பரிக்காரரான தாமஸ் பிரிட்சர்டு வரைந்த திட்டம் அது. வேலை முடியும் முன்பே அவர் இறந்துவிட்டார். வளைவு 1779-இல் எழுந்தது. 1781-இல் பாலம் திறந்தது. உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம்.

மேலே நடந்து கடந்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. படிகளில் இறங்கி அடியில் போய் நில்லுங்கள். என் சித்தப்பா தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். அடியில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது மரவேலை அல்லவா? கழுந்து, துளை, ஆப்பு எல்லாம் இருக்கிறதே!” என்றார். அவர் சொன்னது சரி. இரும்பில் பாலம் கட்டும் முறை அதுவரை எவருக்கும் தெரியாது. எனவே தச்சர்களின் பொருத்துகளையே இரும்பில் வார்த்துச் சேர்த்துவிட்டார்கள். முந்தின நாள் குரோப் லேனில் பார்த்த அதே முறைதான். தேவைக்கு அதிகமான இரும்பு அதில் இருக்கிறது, அதனால் பாரமும் அதிகம். இருந்தும் 1795-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ஆற்றின் மற்றப் பாலங்களைச் சிதைத்தபோது, இது அசையாமல் நின்றது. தண்ணீர் போக வழிவிடும் திறந்த வளைவு அதன் பலம். ஆனால் கரைகள் இரண்டும் மெல்ல உள்நோக்கி நகர்கின்றன. அதற்காக 1970-களில் ஆற்றுப்படுகையில் கான்கிரீட் தாங்கி போட வேண்டியிருந்தது. 2018-இல் பழுதுபார்த்து முடித்தபோது, பழைய பூச்சைச் சுரண்டிப் பார்த்துக் கண்டறிந்த கருஞ்சிவப்பு நிறத்தையே திரும்பப் பூசினார்கள்.

பாலத்தின் தென்கரையில் சுங்கச்சாவடி இருக்கிறது. அதன் கட்டணப் பலகையைக் கடைசி வரி வரை படியுங்கள். படைவீரர், தபால் வண்டி, அரச குடும்பம் என எவருக்கும் விலக்கில்லை என்று எழுதியிருக்கிறது. தனியார் பணத்தில் கட்டிய பாலம் அது. இப்போது கட்டணம் இல்லை.

பள்ளத்தாக்கில் அருங்காட்சியகங்கள் பல. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. குழந்தைகள் இருந்தால் பிளிஸ்ட்ஸ் ஹில். விக்டோரியா காலத்துச் சிற்றூர் ஒன்றை அங்கே உயிரோடு வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் ஜாக்ஃபீல்டின் பதிப்பு ஓட்டு (டைல்) அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாட்களைப் புறப்படும் முன் சரிபாருங்கள்.

மூன்று மணிக்குள் ஷ்ரூஸ்பரிக்குத் திரும்பி, ஊருக்கு வடக்கே டிதரிங்டனில் இருக்கும் ஆளி ஆலைக்குப் போய்விடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து அரை மணிக்கும் குறைவான நடை. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து மாடிச் செங்கல் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே போனால்தான் விஷயம். ஆளி நாரிலிருந்து லினன் நூல் நூற்பதற்காக 1797-இல் கட்டியது. அந்தக் காலத்து ஆலைகளில் தளமும் உத்திரமும் மரம். காற்றில் நார்த்தூசி, வெளிச்சத்துக்குத் திறந்த சுடர். தீ பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது. சார்லஸ் பேஜ் என்பவர் மரத்தையே விலக்கிவிட்டு, வார்ப்பிரும்புத் தூண், வார்ப்பிரும்பு உத்திரம், உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு என்று கட்டினார். முழுக்க இரும்புச் சட்டத்தின்மேல் நிற்கும் உலகின் முதல் கட்டடம் இதுதான்.

தூண்களைத் தொட்டுப் பாருங்கள். குறுக்குவெட்டு சிலுவை வடிவம். நடுவில் சற்றுப் பருத்து, இரு முனைகளிலும் மெலியும். தூண் வளைந்து முறிய வாய்ப்புள்ள இடத்தில் இரும்பைக் கூட்டி, மற்ற இடத்தில் குறைத்திருக்கிறார். மரவேலையைப் பார்த்து எடுத்த வடிவம் அல்ல இது. பாலத்துக்கும் இந்த ஆலைக்கும் இடையில் இருப்பது 18 ஆண்டுகள். அதற்குள் இரும்புக்கென்று ஓர் இலக்கணம் பிறந்துவிட்டது. காலையில் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். இந்த ஆலையில் சிறுவர் சிறுமியரும் உழைத்தார்கள்; அவர்களைத் தங்கவைத்த கட்டடமும் வளாகத்தில் இருக்கிறது. பின்னாளில் பார்லியை முளைக்கவைக்கும் மால்ட் கூடமாகி, 1987-இல் மூடப்பட்டு, பாழடைந்து கிடந்த கட்டடம் இது. பெருஞ்செலவில் மீட்டு 2022-இல் திறந்தார்கள். மேல் தளங்களைக் காண வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். கீழ்த்தளக் காட்சியோடு திரும்புவது பாதிதான்.

மூன்றாம் நாள் வேல்ஸுக்குள் போகிறோம். ஷ்ரூஸ்பரியிலிருந்து வெல்ஷ்பூலுக்கு ரயிலில் அரை மணிக்கும் குறைவு. அங்கிருந்து பூங்கா வழியாக மேட்டில் நடந்தால் பொவிஸ் கோட்டை. நடக்க முடியாதவர்கள் டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரும்பாலானவர்கள் மலைச்சரிவில் தட்டுத்தட்டாக இறங்கும் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். நீங்கள் முதலில் கிளைவ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு, இந்தக் கோட்டைக் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் ஆளுநர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வந்த திப்பு சுல்தானின் பொருட்கள் இங்கே இருக்கின்றன: பூ அச்சிட்ட பருத்திக் கூடாரம், அரியணையை அலங்கரித்த பொன் புலித்தலை ஒன்று, இன்னும் பல.

விளக்கப்பலகைகள் திப்புவைச் சொல்லும். நம்மூர்க்காரர்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வது ஒன்று உண்டு. கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோதும், மருது சகோதரர்களை 1801-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபோதும், சென்னைக் கோட்டையில் ஆளுநராக உட்கார்ந்திருந்தவர் இந்த எட்வர்டு கிளைவ்தான். கர்நாடக (ஆற்காடு) நவாபின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்கு எடுத்துக்கொண்டதும் அதே 1801-இல், இவர் காலத்தில். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கயத்தாற்றைக் கடந்து வளர்ந்தவள் நான். பெரியம்மாவை இங்கே அழைத்துவந்தபோது அவர் அந்தக் கூடாரத்தின் முன் நின்று, “இதையெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கேட்கவில்லையா?” என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியோடு பார்க்கும்போதுதான் இந்த அறைகள் முழுமையாகப் புரிகின்றன. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பிறகு தோட்டம். கோட்டை மதிலோடு வளர்ந்து, மேகக் கூட்டம்போல் வெட்டிவிட்ட யூ மரங்கள் முந்நூறு ஆண்டுப் பழமையானவை. படிகள் பல, மழை பெய்தால் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். கோட்டைக்குள் பெரிய பைகளுக்கு அனுமதி இருக்காது என்பதால் பெட்டிகளை ஷ்ரூஸ்பரி விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வெல்ஷ்பூலிலிருந்து திரும்பும் ரயில்கள் அடிக்கடி இல்லை. காலையில் இறங்கியவுடன் நடைமேடைப் பலகையில் மாலை நேரங்களைப் படம்பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கோட்டையிலிருந்து இறங்கத் தொடங்குங்கள்.